பழைய காமிக்ஸ் இதழில் செய்த சீரமைப்பை வாங்குபவரிடம் சொல்லத்தான் வேண்டுமா?

கேள்வி:
1960-களில் வெளிவந்த அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் இதழ் ஒன்றை விற்க எண்ணியுள்ளேன். இதழின் முதுகில் (மடிப்பு ஓரத்தில்) மை உதிர்ந்து வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்த இடங்களில் முந்தைய உரிமையாளர் கறுப்பு மார்க்கரால் தடவியிருக்கிறார். அட்டையின் நெளிவை எடுக்க நானும் அதைப் பிரஸ்ஸிங்குக்குக் கொடுத்து வாங்கினேன். தரச்சான்று பெறாமலேயே விற்கப் போவதால், இவ்விரண்டையும் விளம்பரத்தில் எழுத வேண்டுமா, கேட்டால் மட்டும் சொன்னால் போதுமா?

பதில் 1:
மார்க்கர் விஷயத்தை எழுதியே ஆக வேண்டும். 2000-ஆம் ஆண்டு முதல் காமிக்ஸ்களுக்குத் தரமிட்டு வரும் சிஜிசி நிறுவனம், இத்தகைய வண்ணப் பூச்சைச் சீரமைப்பாகக் கருதி, தர எண்ணைக் காட்டும் சீட்டை வழக்கமான நீலத்துக்குப் பதிலாக ஊதா நிறத்தில் வைக்கிறது. அதே தர எண் இருந்தாலும் ஊதாச் சீட்டு இதழ் குறைந்த விலைக்கே போகும். மறைத்தாலும் பயனில்லை. அட்டையைத் திறந்து முதுகின் உட்புறத்தைப் பாருங்கள், மார்க்கர் மை பெரும்பாலும் தாளில் ஊறி அங்கே கறையாகத் தெரியும்.

பதில் 2:
பிரஸ்ஸிங் வேறு கதை. ஈரப்பதம், வெப்பம், அழுத்தம் ஆகியவற்றால் தாளைச் சமப்படுத்துகிறார்களே தவிர எதையும் சேர்ப்பதில்லை என்பதால், சிஜிசி அதைச் சீரமைப்பாகக் கொள்வதில்லை. நன்றாகச் செய்திருந்தால் கண்டுபிடிப்பதும் கடினம். ஆனால் தரமிடுபவர் தம் கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டுதான் விதி வகுக்க முடியும். செய்வித்த உங்களுக்கோ உண்மை தெரியும். சரியாக அழுத்தாத இதழில் நெளிவு திரும்பவும் வரக்கூடும் என்பதால், வாங்குபவருக்கு இது வீண் தகவல் அன்று. சந்தையில் பலர் சொல்வதில்லை என்பது உண்மையே. அதை ஒரு நியாயமாக நான் ஏற்கவில்லை.

பதில் 3:
இருவர் கூறியதும் சரி. எனினும் சீரமைப்பு என்றாலே குற்றம் என்பதுபோல் பேச வேண்டியதில்லை. கிழிசலை மெல்லிய தாளால் ஒட்டுவதும், பழுத்துப்போகும் நியூஸ்பிரிண்ட் தாளின் அமிலத்தை நீக்குவதும் இதழின் ஆயுளைக் கூட்டும் வேலைகள். சூப்பர்மேன் அறிமுகமான 1938-ஆம் ஆண்டின் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், சீரமைத்த பிரதியாக இருந்தாலும் பெருந்தொகைக்கு விலைபோகிறது. என்னால் ஏற்க முடியாதது, ஓரத்தைச் சீவிக் கூர்மையாக்கும் டிரிம்மிங்தான். வெட்டிய தாள் திரும்ப வராது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அந்த மார்க்கர் மையைச் சுரண்டி எடுத்துவிட்டால் நீலச் சீட்டுக்குத் தகுதி வருமா?

பதில் 3:
சிலர் அப்படிச் செய்கிறார்கள். மையோடு தாளின் மேற்பரப்பும் போய்விடுவதால் தர எண் இறங்கும். உள்ளபடியே விடுங்கள். எங்கே, எவ்வளவு நீளத்துக்கு மை உள்ளது, பிரஸ்ஸிங் செய்தது யார் என்று எழுதி, அட்டையின் உட்புறப் படத்தையும் சேர்த்துவிடுங்கள்.