புதுப்பிப்பு: ஒரே ஆள் எல்எல்சிக்கு ஈஐஎன் வேண்டுமா?

அமெரிக்காவில் நான் மட்டும் நடத்தும் எல்எல்சிக்கு (கடன் பொறுப்பு வரம்புக்குட்பட்ட நிறுவனம்) தனியாக ஈஐஎன் (தொழிலுக்கான வரி அடையாள எண்) வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன், பாதிப் பேர் வேண்டும் என்றீர்கள், பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள். இரண்டுமே சரிதான். சம்பளத்துக்கு ஆள் இல்லை, எக்சைஸ் வரியும் (சில குறிப்பிட்ட பொருள், சேவைகளுக்கான வரி) இல்லை என்றால் வருமான வரிக்குச் சொந்த சோஷியல் செக்யூரிட்டி எண்ணே (தனிநபருக்கு அரசு தரும் எண்) போதும்; ஆள் வைத்தாலோ பார்ட்னர் சேர்ந்தாலோ கட்டாயம் வாங்க வேண்டும்.

எனக்கு வங்கியில் கேட்டுவிட்டார்கள், வாங்கிவிட்டேன். அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் தளத்தில், ஈஐஎன் கேட்கும் விண்ணப்பமான எஸ்எஸ்-4 படிவத்தின் கேள்விகள்தான், பாதியில் சேமித்து வைக்க முடியாது, ஒரே மூச்சில் முடித்தால் எண் அப்போதே கையில். காசு கிடையாது (இதற்குப் போய்க் கட்டணம் கேட்கும் தளங்களை என்ன சொல்ல!). எண்ணை உறுதிசெய்யும் சிபி 575 கடிதத்தை உடனே இறக்கி வையுங்கள். அப்புறம், தொழிலின் பெயரை மட்டும் மாற்றினால் பழைய எண்ணே ஓடும், எல்எல்சியை மூடிவிட்டு கார்ப்பரேஷன் தொடங்கினால் புதிய எண் வேண்டும்.