பொது இடத்தில் கெட்ட வார்த்தை: வக்கீல்கள் யாராவது வழி சொல்லுங்களேன்

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஊருணிக் கரையில்தான் பஸ் நிறுத்தம். சாயங்காலமானால் நாலைந்து பேர் அங்கே உட்கார்ந்துகொண்டு ஆத்தா, தங்கச்சியை இழுத்துப் பேசுகிறார்கள். நேற்று ஆறாவது படிக்கிற பிள்ளை ஒன்று புத்தகப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காதை மறைத்துக்கொண்டு நின்றது. பார்க்கவே சகிக்கவில்லை.

மகாராஷ்டிரத்தில் சவுந்தாலா என்ற ஊரில், 2024-இல் கிராமசபை கூடி, இப்படித் திட்டினால் 500 ரூபாய் அபராதம் என்று தீர்மானம் போட்டார்கள். நாமும் போடலாம் என்கிறார்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். எனக்கும் அதே ஆசைதான். ஆனால் ஊரே பணம் வசூலித்தால் அது கட்டப்பஞ்சாயத்து ஆகிவிடாதா?

சட்டம் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆவது பிரிவில், பொது இடத்தில் ஆபாசமாகப் பேசிப் பிறருக்குத் தொல்லை கொடுத்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் வெறும் வசவு மட்டும் ஆபாசம் ஆகாது என்று 2022-இல் அந்தப் பழைய சட்டத்தின் 294(பி) பிரிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் புகாரில் அவர்கள் பேசியதை அப்படியே எழுத வேண்டுமா? எழுதவே கை கூசுகிறது.

கிராமசபைத் தீர்மானம் எதுவரை செல்லும், மனுவை எப்படி எழுதுவது என்று தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள். மாதிரி மனு இருந்தால் அனுப்புங்கள், புண்ணியமாகப் போகும்.