மார்லின் 336: விடியற்காலையில் முன் சைட் கண்ணுக்குத் தெரிவதில்லை, எதை மாட்டலாம்?

வடமிச்சிகன்வாசி:

வணக்கம். என்னிடம் இருப்பது பழைய மார்லின் 336 லீவர் ரைஃபிள், .30-30 தோட்டா, 20 அங்குலக் குழல். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. குறிபார்க்க முன் சைட்டாக ஹூட் (மேலே மூடும் வளையம்) போட்ட சின்னப் பித்தளை மணி, பின் சைட்டாக நடுவில் பள்ளம் வைத்த செமி-பக்ஹார்ன்.

பகலில் ரேஞ்சில் சுடும்போது ஒரு குறையும் இல்லை. நவம்பர் 15-ல் மான் வேட்டை சீசன் திறந்ததும்தான் தொல்லை. சீடார் மரங்கள் அடர்ந்த சதுப்புக்குள் பொழுது விடியும் நேரத்தில் மணி எங்கே, பின்னணி எங்கே என்று பிரித்தறிய முடிவதில்லை. வயதும் 50-ஐத் தாண்டிவிட்டது, ப்ரோக்ரெசிவ் கண்ணாடி வேறு.

ஸ்கோப் வேண்டாம். நான் போகும் இடத்தில் 60 யார்டுக்கு மேல் பார்வையே போகாது. ரிசீவரை (ரைஃபிளின் நடுவிலுள்ள உலோகப் பகுதியை) உள்ளங்கையில் பிடித்தபடி நடப்பதுதான் லீவர் ரைஃபிளின் சுகம், ஸ்கோப் மாட்டினால் அது போச்சு.

சிவப்பு ஃபைபர் ஆப்டிக் (வெளிச்சத்தை வாங்கி மினுங்கும் இழை), பச்சை ஃபைபர் ஆப்டிக், வெள்ளை மணி, இவற்றில் எது நல்லது? வீட்டிலேயே மாற்றலாமா, கன்ஸ்மித்திடம் போக வேண்டுமா?

ஆரஞ்சுத்தொப்பி:

காசு செலவழிக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். மணியை ஆல்கஹாலால் துடைத்து எண்ணெயைப் போக்கிவிட்டு வெள்ளை நெயில் பாலிஷ் ஒரு பூச்சு, காய்ந்ததும் அதன்மேல் ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு. வெள்ளை அடிப்பூச்சு இல்லாவிட்டால் ஆரஞ்சு எடுபடாது. பிடிக்கவில்லையா, அசிட்டோன் தொட்டுத் துடைத்துவிடலாம். கட்டையின் பாலிஷில் மட்டும் அசிட்டோன் படக்கூடாது. நெயில் பாலிஷை வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

பட்டறைக்காரன்:

சார், முதலில் அந்த ஹூடை முன்பக்கமாக இழுத்துக் கழற்றிவிட்டு ஒருநாள் விடியலில் பாருங்கள். வெயிலில் மணிமேல் கூசாமல் காப்பதற்கும், அடிபடாமல் காப்பதற்கும் அது நல்லதுதான். ஆனால் மங்கிய வெளிச்சத்தில் மணிக்கு வரவேண்டிய கொஞ்ச ஒளியையும் அதுவே மறித்துவிடும். ஃபைபர் ஆப்டிக் போட்டாலும் ஹூடைக் கழற்றித்தான் ஆக வேண்டும், மேலேயிருந்து ஒளி இறங்கினால்தான் அந்த இழை எரியும்.

அடுத்து நிறம். கடைக்காரர்கள் சிவப்பைத்தான் முதலில் நீட்டுவார்கள். நல்ல வெளிச்சத்தில் சிவப்பு பளிச்சென்றுதான் இருக்கும். இருட்டு கூடக்கூட நம் கண் முதலில் இழப்பது சிவப்பைத்தான், பச்சை அதற்கு அப்புறமும் கொஞ்ச நேரம் தாங்கும். உங்களுக்கு வேண்டியது விடியல் நேரம் என்பதால் என் ஓட்டு பச்சைக்கு. நவம்பரில் சீடார் தவிர மற்ற இலைகள் உதிர்ந்திருக்கும் என்பதால் பின்னணியோடு அவ்வளவாகக் கலக்காது. வெள்ளை மணி நிழலில் அருமையாகத் தெரியும். ஆனால் உங்கள் ஊரில் பனி விழுந்ததும் அதைத் தேட வேண்டியிருக்கும்.

பெரிய மணி என்றால் நன்றாகத் தெரியும், சரி, ஆனால் இலக்கையும் அது மறைக்கும். கண்ணிலிருந்து மணி 32 அங்குலத் தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1/16 அங்குல மணி 100 யார்டில் சுமார் 7 அங்குலத்தை மறைக்கும். 3/32 என்றால் பத்தரை அங்குலம். மானின் நெஞ்சுப் பகுதி 8 அங்குலம் என்று கணக்கு வைப்பார்கள், ஆக 100 யார்டில் பெரிய மணி அதை முழுங்கிவிடும். உங்கள் 60 யார்டில் 3/32 மறைப்பது ஆறேகால்தான், தாராளமாகப் போடலாம்.

பித்தளை மணியே போதும் என்றால் முகம் உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருப்பதை வாங்குங்கள். உருண்டை மணியில் பக்கவாட்டு வெயில் பட்டால் ஒரு ஓரம் மட்டும் மினுங்கும், கண் அந்த மினுக்கத்தையே நடு என்று எடுத்துக்கொள்ளும், குண்டு வெயிலுக்கு எதிர்ப்பக்கமாக விலகும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் உயரம். பலர் நிறத்தைப் பார்த்து வாங்கிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். குண்டு மேலே பட்டால் முன் சைட் உயரமாக வேண்டும், கீழே பட்டால் குட்டையாக வேண்டும். எவ்வளவு என்பதற்கு: குண்டு விலகிய அளவை இரண்டு சைட்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுங்கள். எல்லாம் அங்குலத்தில் இருக்க வேண்டும், 50 யார்டு என்றால் 1800. இப்போதுள்ள சைட்டைக் கழற்றி வெர்னியரால் அளந்துகொண்டு ஆர்டர் போடுங்கள். கேட்லாக்கில் எங்கிருந்து எதுவரை அளந்திருக்கிறார்கள் என்று படத்தையும் பாருங்கள்.

மாட்டுவதை வீட்டிலேயே செய்யலாம். தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். இது குழாய் மேகசின், லீவரை ஒருமுறை இழுத்துப் பார்த்துக் காலி என்று நம்பக்கூடாது. பலமுறை இழுத்து, ஃபாலோயர் (மேகசினில் தோட்டாக்களைத் தள்ளும் துண்டு) கண்ணில் படுகிறதா, சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) காலியா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வைஸில் தோல் அல்லது மரக்கட்டை வைத்துக் குழலைப் பிடியுங்கள், கீழே இருக்கும் மேகசின் குழாயில் இறுக்கம் விழக்கூடாது. முன் சைட்டைத் தாங்கும் ரேம்ப் நிற்பது இரண்டு சின்ன ஸ்க்ரூவை நம்பி. பக்கவாட்டில் ஓங்கி அடித்தால் அந்த ஸ்க்ரூக்கள்தான் அடி வாங்கும். அதனால் அடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் ரேம்புக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, பித்தளைப் பன்ச் கம்பியும் சின்னச் சுத்தியலும் கொண்டு சைட்டைத் தட்டுங்கள். தோளில் வைத்துப் பார்க்கும் நிலையில் இடமிருந்து வலமாகக் கழற்றுவது, வலமிருந்து இடமாக மாட்டுவது வழக்கம். அசையாவிட்டால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள்.

புதிய சைட் ரேம்பின் டவ்டெயில் பள்ளத்தில் கை அழுத்தத்திலேயே மூன்றில் ஒரு பங்கு நுழைய வேண்டும், மீதியைத் தட்டி ஏற்றலாம். நுழையவில்லை என்றால் அரம் போடுவது சைட்டின் அடியில்தான், ரைஃபிளின் பள்ளத்தில் அல்ல. சைட் தேய்ந்துபோனால் வேறு வாங்கலாம். முக்கோண அரத்தின் ஒரு பக்கப் பல்லைச் சாணைக்கல்லில் தேய்த்து மழுக்கிக்கொண்டால் வேண்டாத இடத்தைத் தின்னாது. இரண்டு இழுப்பு, மாட்டிப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. அவசரக்காரனுக்கு இந்த வேலை ஆகாது.

ஃபைபர் ஆப்டிக்கில் ஒரு குறை, இழை உடையும். முள்ளுக்குள் போகிறவர் என்பதால் உலோகக் கூட்டுக்குள் இழை இருக்கும் வகையாகப் பாருங்கள். மிச்சிகனிலேயே டேவிசனில் வில்லியம்ஸ், க்ளாட்ஸ்டனில் மார்பிள்ஸ் என்று இரண்டு பழைய சைட் கம்பெனிகள் இருக்கும்போது நீங்கள் தூரத்தில் தேட வேண்டாம்.

பீப்பிரியன்:

பட்டறைக்காரர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் 50 வயதுக் கண்ணுக்கு முன் சைட் பாதி மருந்துதான். பின் சைட், மணி, மான் மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்ப்பது அந்தக் கண்ணால் ஆகாது. செமி-பக்ஹார்னைக் கழற்றிவிட்டு, ரிசீவரின் மேல் ஸ்கோப்புக்கான துளைகள் இருந்தால் அதில் ஒரு பீப் சைட்டைப் பொருத்துங்கள். ஓட்டை வழியாகப் பார்த்தால் போதும், பின் சைட்டைக் கவனிக்கிற வேலையே இல்லை. விடியலுக்குப் பெரிய ஓட்டையாக வையுங்கள். ஆனால் பீப் வந்தால் பெரும்பாலும் இன்னும் உயரமான முன் சைட் தேவைப்படும், அதனால் அதை முடிவு செய்துவிட்டு மணியை வாங்குங்கள்.

கண் டாக்டரிடம், குறிபார்க்கும் கண்ணுக்கு மணி இருக்கும் தூரத்துக்கு ஏற்ற ஒற்றைப் பவர் கண்ணாடி கிடைக்குமா என்றும் கேளுங்கள். ப்ரோக்ரெசிவில் தலையை ஆட்டி ஆட்டிப் பவரைத் தேடுவதற்குள் மான் போய்விடும்.

வடமிச்சிகன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஹூடைக் கழற்றியதிலேயே வித்தியாசம் தெரிகிறது. பீப் அடுத்த வருடம் பார்க்கலாம், இந்த சீசனுக்கு மணி மட்டும். சொல்ல மறந்த இரண்டு விஷயம்: எனக்குச் சிவப்பு-பச்சை நிறக்குருடு உண்டு. பின் சைட்டைக் கடைசிப் படிக்கு இறக்கியும் 50 யார்டில் குண்டு 3 அங்குலம் மேலே படுகிறது. சைட்டுகளுக்கு நடுவே 16 அங்குலம்.

பட்டறைக்காரன்:

மூன்றைப் பதினாறால் பெருக்கி 1800-ஆல் வகுத்தால் 0.027 அங்குலம். இப்போது இருப்பதைவிட அவ்வளவு உயரமானது வேண்டும். சரியாக அந்த அளவில் கிடைக்காவிட்டால் அதற்கு அடுத்த உயரத்தை வாங்குங்கள், குட்டையானது வேண்டாம். உயரம் கொஞ்சம் கூடினால் பின் சைட்டை ஒரு படி ஏற்றிச் சரிசெய்யலாம். உங்களுக்கு இறக்குவதற்குத்தான் இடமில்லை.

நிறக்குருடு என்றால் நான் சொன்ன பச்சைக் கணக்கை விடுங்கள். 3/32 தட்டை முகப் பித்தளை மணி வாங்கி, ஆரஞ்சுத்தொப்பி சொன்ன முறையில் வெள்ளை அடித்து, மேலே ஆரஞ்சுக்குப் பதில் ஃப்ளோரசன்ட் மஞ்சள் பூசிப் பாருங்கள். சிவப்பு-பச்சைக் குழப்பம் இருப்பவர்களுக்கு மஞ்சள் பெரும்பாலும் தனித்துத் தெரியும், பனியிலும் வெள்ளை அளவுக்குக் கரையாது.

குண்டு இடம் வலம் விலகினால் முன் சைட்டை விலகிய அதே பக்கம் துளி நகர்த்த வேண்டும், பின் சைட்டுக்கு நேர் எதிர். குறி சரியானதும் சைட்டின் அடியிலும் ரேம்பிலும் சேர்ந்தாற்போல் ஊசியால் ஒரு மெல்லிய கோடு கீறி வையுங்கள். எங்காவது இடித்து நகர்ந்திருந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.