சட்டத்தோட ஜெராக்ஸே ஆதாரம் ஆகுமா? (ஜிம்பாப்வே கேம்ப்பெல் கேஸ்)

மொட்டைமாடி:
மனித உரிமை கேஸ்னா கட்டுக்கட்டா டாக்குமென்ட் வேணும்னு நேத்து ஒருத்தர் சொன்னார். ஜிம்பாப்வே அரசு நிலத்தை எடுத்துக்கிட்டதை எதிர்த்து கேம்ப்பெல்ங்கற வெள்ளைக்கார விவசாயி போட்ட கேஸைப் பாருங்க. 2005ல 17-வது திருத்தம் போட்டு, கெஜட்ல வந்த விவசாய நிலமெல்லாம் அரசுக்கு, அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போகவே கூடாதுன்னு அரசியலமைப்புலயே எழுதிட்டாங்க. விசாரணை கிடைக்கலன்னு காட்ட வேற சாட்சி எதுக்கு, அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து நீட்டுனா போதாதா? நமீபியா தலைநகர் விண்ட்ஹோக்ல இருந்த சாடெக் (ஆப்பிரிக்காவோட தெற்குப் பகுதி நாடுகள் கூட்டமைப்பு) ட்ரிப்யூனல் 2008 நவம்பர்ல அதைத்தான் சொல்லிச்சு, இனப் பாகுபாடுன்னும் சொல்லிச்சு.

செம்மண்:
நல்லா இருக்கு கதை. 1930ல நிலப் பங்கீட்டுச் சட்டம்னு போட்டு பாதி நாட்டை வெள்ளைக்காரனுக்கு ஒதுக்குனாங்களே, அப்ப அங்க இருந்த ஜனங்களை எந்த கோர்ட்டு கூப்ட்டு விசாரிச்சுது?

மொட்டைமாடி:
அண்ணே கேள்வி சரிதான், ஆனா ட்ரிப்யூனல் நிலச் சீர்திருத்தமே தப்புன்னு சொல்லலையே. நியாயமான இழப்பீடு குடுத்து, நிலம் நிஜமாவே ஏழைங்க கைக்குப் போயிருந்தா இனப் பாகுபாடுன்னு சொல்லியிருக்க மாட்டோம்னு தீர்ப்புலயே இருக்கு.

வக்கீல் குமாஸ்தா:
ரெண்டு பேரும் கஷ்டமான இடத்தை விட்டுட்டீங்க. கோர்ட் கதவு மூடுனது ஈஸி, அஞ்சு ஜட்ஜும் ஒத்துக்கிட்டாங்க. உள்நாட்டு கோர்ட்டை முழுசா பாக்காம வந்துட்டாங்கன்னு அரசு வாதாடிச்சு, அங்க போகவே வழியில்லயேன்னு அதுவும் அடிபட்டுப் போச்சு. ஆனா பாகுபாடு? சட்டத்துல 'வெள்ளையர்'ங்கற வார்த்தையே கிடையாது. யாரு தலையில விழுந்துச்சுன்னு பாத்துதான் நாலு பேர் முடிவுக்கு வந்தாங்க, ஜட்ஜ் ட்ஷோசா மட்டும் ஒத்துக்கல, சட்டம் நிலத்தைத்தான் சொல்லுது ஆளை இல்லன்னு எழுதினார். அங்க ஜெராக்ஸ் வேலைக்காகாது தம்பி.

செம்மண்:
ஜெயிச்சு என்ன ஆச்சு? 2010ல சாடெக் நாட்டுத் தலைவருங்க கூடி ட்ரிப்யூனலையே முடக்கிட்டாங்க.

வக்கீல் குமாஸ்தா:
அதுக்காக தீர்ப்பு செல்லாதுன்னு ஆயிடுமா? ட்ரிப்யூனல் உத்தரவை வச்சு கேப் டவுன்ல ஜிம்பாப்வே அரசுக்குச் சொந்தமான வீட்டை ஜப்தி பண்ணாங்க, 2013ல தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு கோர்ட்டும் சரின்னு சொல்லிடுச்சு.

செம்மண்:
அது கேஸ் செலவுக்கு சார். நிலத்துக்கு?

மொட்டைமாடி:
2020ல ஜிம்பாப்வே அரசு நிலத்தை இழந்த விவசாயிங்களுக்கு 350 கோடி டாலர் தர்றோம்னு ஒப்பந்தம் போட்டாங்களே. கட்டடம், கிணறு மாதிரி போட்ட முதலுக்குத்தான், மண்ணுக்கு இல்ல. 17-வது திருத்தத்துல இருந்த அதே கணக்கு.

செம்மண்:
அந்தக் கணக்கு எனக்கு சரியாத்தான் படுது.