அன்னாசிச் சோமாசியும் அடுத்த வீட்டு ஆண்ட்டியும்

தீபாவளிப் பலகாரம் சொதப்பிய கதைகளை ஆளாளுக்கு இங்கே எழுதுகிறீர்கள். முறுக்கு நமுத்த கதை, நெய்யுருண்டை உதிர்ந்த கதை எல்லாம் படித்தேன். நான் சோமாசிக்கு வருகிறேன். பொட்டுக்கடலைச் சோமாசி இல்லை, அன்னாசி வைத்தது. மலேசியாவில், பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃபிளாட்டில் 11 வருடமாகத் தீபாவளிக்கு இதுதான். ஆனால் முதல் வருடம் பட்ட பாடு இருக்கிறதே!

அம்மா இருந்தவரை பொட்டுக்கடலை, தேங்காய், ஏலக்காய், சீனி என்று பூரணம் மாறவே மாறாது. என் பிள்ளைகளுக்கு அது ஆகாது. கடித்தால் மாவு மாவாகத் தொண்டையை அடைக்கிறதாம். சரி, அன்னாசி ஜாம் வைத்துப் பார்ப்போம் என்று கேக் சாமான் விற்கும் கடையில் ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். முதல் ஈடு நன்றாகத்தான் உப்பி வந்தது. எனக்கும் தலைக்கனம் ஏறியது. இரண்டாவது ஈட்டில் ஒன்று வாயைத் திறந்தது, அதைப் பார்த்து மற்றதும் திறந்தது. ஜாமில் இருந்த ஈரம் உள்ளேயே கொதித்து, ஆவி போக வழியில்லாமல் ஓரத்தைப் பிளந்துவிட்டது. வெளியே கொட்டிய சீனி எண்ணெயில் கருகி, நல்லாயிருந்த சோமாசி மேலெல்லாம் கறுப்பு கறுப்பாக ஒட்டிக்கொண்டது. எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் ஒரு கொப்புளம் வேறு.

கருகல் வாடை நடைபாதை வரை போயிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி எங்கள் கிரில் கதவுக்கு வெளியே வந்து நின்றார். அதுவரை அவரிடம் சிரித்ததோடு சரி, பேசியதில்லை. உள்ளே வந்தவர் குவாலியை, அதாவது பொரிக்கிற சட்டியை, எட்டிப் பார்த்தார். பாக்கெட்டில் மிச்சமிருந்த ஜாமை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "பாசா" என்றார். மலாயில் ஈரம் என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தைதான், போய்விட்டார்.

மறுநாள் காலை அவரே கதவைத் தட்டினார், பாசாருக்கு (சந்தைக்கு) போகலாம் என்று. சீனப் பெருநாளுக்கு அன்னாசி டார்ட் செய்து டின் டினாக விற்கிறவர் என்பது அப்போதுதான் தெரியும். அவர்கள் பேசும் ஹொக்கியன் சீனத்தில் அன்னாசிக்கு 'ஓங் லாய்' என்று பேர். செழிப்பு வருகிறது என்றும் காதில் விழுமாம், அதனால் அவர்களுக்கு அது இல்லாத பெருநாள் இல்லை.

பாசாரில் நான் எம்டி2 ரகப் பழத்தை எடுத்தேன், இனிப்பாக இருக்குமே என்று. கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார். தின்பதற்கு அது, கிண்டுவதற்கு மோரிஸ் ரகம். மோரிஸில் புளிப்பும் நாரும் அதிகம். அந்த நார்தான் பூரணத்துக்கு உடம்பு. என் வீட்டுக்காரர் ஜொகூர் பொந்தியான்காரர், காம்புட் என்கிற கரிச்சதுப்பு மண்ணில் அன்னாசி போட்ட குடும்பம். அவரோ இன்றுவரை ஜோசபின் கட்சி. 1996-இல் மார்டி என்கிற மலேசிய விவசாய ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கலப்பினம் அது, நிறமும் மணமும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு வருடம் அவருக்காக அதிலும் செய்தேன். குறை சொல்ல முடியாது, ஆனால் நாக்கில் அந்தப் புளிப்புச் சுள்ளென்று வரவில்லை. மறுபடி மோரிஸுக்கே வந்துவிட்டேன்.

நாலு பழம். கண்களைச் சுத்தமாகச் சீவி எடுத்து, துருவியில் கையால் துருவ வேண்டும். மிக்சியில் போட்டால் நார் செத்துக் கஞ்சியாகிவிடும். (துருவும்போது தின்னாதீர்கள். வேகவைக்காத அன்னாசியில் இருக்கும் என்சைம் நாக்கை அறுத்துவிடும். சூடு பட்டால் அது போய்விடும்.) துணியில் கட்டிப் பிழிந்து, பட்டை ஒரு துண்டு, கிராம்பு நாலு, அன்னாசிப்பூ ஒன்று போட்டுச் சின்ன தீயில் கிண்ட ஆரம்பித்தோம். நான் ஏலக்காயை எடுத்ததும் ஆண்ட்டி முகத்தைச் சுளித்தார். போட்டேன்தான். சோமாசியில் ஏலக்காய் மணக்காவிட்டால் அம்மா கனவில் வந்து கேட்பார்.

சீனியை முதலிலேயே போடக் கூடாது. தண்ணீர் வற்றுவதற்குள் அடிப்பிடித்துக் கறுத்துவிடும். முக்கால்வாசி வற்றிய பிறகுதான் அரைக் கிலோ சீனி. போட்டதும் மறுபடி இளகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அப்புறம் நிறம் மாறத் தொடங்கும், மஞ்சளிலிருந்து தேன், தேனிலிருந்து செம்பு. ஒரு மணி நேரத்தில் "போதுமா ஆண்ட்டி?" என்றேன். எட்டிப் பார்த்துவிட்டு "கெரிங் லாகி" என்றார். இன்னும் வற்றணும். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கேட்டேன், அப்போதும் கெரிங் லாகி. தோள் கழன்றுவிட்டது. இரண்டரை மணி நேரம் ஆன பிறகு அகப்பையால் சட்டியின் நடுவில் ஒரு கோடு இழுத்தார். பாதை மூடவே இல்லை. ஒரு துளி எடுத்து ஆறவைத்து என் உள்ளங்கையில் உருட்டி, கையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். கறையே இல்லை. அதற்குப் பிறகுதான் அடுப்பை அணைக்க விட்டார்.

நாலு பழத்துக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே தேறியது. கோலி அளவு உருட்டினால் 90 சோமாசிக்குக் காணும்.

மாவு எங்கள் வீட்டுக் கணக்குதான். ஒரு கிலோ கோதுமை மாவுக்கு 150 கிராம் நெய், உப்பு, தண்ணீர். இதை எழுதும்போது காரைக்குடியில் இருக்கும் என் சித்தி மகள் ஞாபகம் வருகிறது. நான் சொன்னபடி கோதுமை மாவில் செய்து, சப்பாத்தியைப் பொரித்த மாதிரி இருக்கிறது என்று போனில் கத்தினாள். இங்கே நாம் கோதுமை மாவு என்பதை அங்கே மைதா என்பார்கள், நம் ஆட்டா மாவுதான் அவர்களுக்குக் கோதுமை மாவு. பாவம், ஒரு கிலோ வீண்.

ஓரத்தை விரலால் முறுக்கி மடியுங்கள். பிளாஸ்டிக் அச்சு வேகம்தான், ஆனால் என் கைக்கு அதில் நாலில் ஒன்று வாய் பிளக்கிறது. நிதானமான தீயில், எண்ணெயை மேலே அள்ளி ஊற்றிக்கொண்டே பொரிக்க வேண்டும். அந்த வருடம் 90-இல் ஒன்றுகூட வெடிக்கவில்லை. முதல் தட்டு பக்கத்து வீட்டுக்குப் போனது. ஆண்ட்டி ஒன்றைக் கடித்து, மென்று, "ஏலக்காய் பரவாயில்லை" என்கிற மாதிரித் தலையை ஆட்டினார்.

*

செந்தூலிலிருந்து எழுதுகிறேன் அக்கா. உங்கள் 'பாசா' எனக்கும் நடந்தது, வாழைப்பழத்தில். போன வருடம் பிசாங் ராஜாவை மசித்து நெய்யில் கிண்டி வைத்தேன். அல்வா மாதிரி சுருண்டுதான் வந்தது. பொரித்தால் உள்ளே குழைந்து, மறுநாளே தோல் தொளதொளவென்று ஆகிவிட்டது. மாமி பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இதற்குப் பேசாமல் கோரேங் பிசாங் போட்டிருக்கலாமே" என்றார், வாழைப்பழப் பஜ்ஜியைச் சொல்கிறார். நியாயம்தான். இப்போது பேரீச்சைக்கு மாறிவிட்டேன். நோன்புப் பெருநாள் முடிந்ததும் விலை இறங்கும்போது வாங்கி, கொட்டை எடுத்து, வறுத்த எள்ளோடு இடித்து உருட்டினால் அடுப்பே வேண்டாம். வெடிப்பதும் இல்லை. ஆனால் தோல் உங்கள் அளவுக்கு மொறுமொறுப்பாக வரவில்லை. கரிப்பாப் பூசிங் (சுருள் அடுக்குத் தோல் வைத்த கறி பஃப்) மாதிரி சுருள் சுருளாக வர வழி இருக்கிறதா? அப்புறம், எத்தனை நாள் தாங்கும்?

*

வழி இருக்கிறது தம்பி. கரிப்பாப்காரர்கள் செய்கிற வேலையும் நம் ஊர்ப் பதிர்ப் பலகாரத்து வேலையும் ஒன்றுதான். அரிசி மாவை நெய்யில் குழைத்து, தேய்த்த மாவின் மேல் தடவி, பாய் போலச் சுருட்டி வெட்டுங்கள். வெட்டிய முகத்தை மேலே வைத்துத் தேய்த்தால் சுருள் தெரியும். பேரீச்சை சீக்கிரம் கறுக்கும், தீயைக் குறைத்தே வையுங்கள்.

தாங்குவது மழையைப் பொறுத்தது. இங்கே தீபாவளி மழைக்காலத்தோடு வருகிறது, சூடு முழுக்க ஆறாமல் டின்னில் போட்டு மூடினால் மறுநாளே நமுத்துவிடும். ராத்திரி முழுக்க ஃபேன் காற்றில் பரப்பி வைத்துவிட்டு, காலையில் அடியில் தாள் விரித்து அடுக்குகிறேன். எங்கள் வீட்டில் அதிகபட்சம் 10 நாள். அதற்குள் டின் காலியாகிவிடுகிறது, அதனால் 11-ஆம் நாள் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்.