புதுப்பிப்பு: காபி மெஷின் பிழைத்துவிட்டது, கோளாறு பம்பில் இல்லை

மூன்று வாரம் முன்பு எழுதியிருந்தேன்: தருமபுரி வீட்டில் அம்மாவுக்காக வாங்கிய கேப்சூல் காபி மெஷின் (காபித்தூள் அடைத்த சின்னக் குப்பியைப் போட்டால் காபி இறக்கித் தரும்) எட்டே மாதத்தில் படுத்துவிட்டது, சத்தம் மட்டும் வருகிறது, காபி சொட்டுச் சொட்டாக, வெதுவெதுப்பாக இறங்குகிறது என்று. சர்வீஸில் பம்பையே மாற்றச் சொன்னார்கள். நல்லவேளை, மாற்றவில்லை.

காரணம் நாங்கள் ஊற்றிய போர் தண்ணீர். சூடாக்கும்போது அதிலுள்ள கால்சியம் வெள்ளைக் காரையாகப் படிகிறது. மெஷினுக்குள் இருக்கும் குழாய் மிக மெல்லியது, சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. ஹீட்டர் மேலும் படிந்துவிட்டதால் தண்ணீருக்குச் சூடு ஏறவில்லை.

உங்களில் ஒருவர் சொன்னபடி மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்தான்) வாங்கினேன். ஒரு லிட்டருக்கு 30 கிராம் கரைத்து, பாதியை ஓடவிட்டு, இருபது நிமிடம் அப்படியே விட்டு, மீதியையும் ஓட்டினேன். வெள்ளைத் துணுக்குகளாக வந்து விழுந்தன! அப்புறம் இரண்டு டேங்க் நல்ல தண்ணீர். கேப்சூலைக் குத்தும் ஊசியையும் துடைத்தேன். இப்போது காபி ஆவி பறக்க வருகிறது.

இனி ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மட்டும்தான். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் அளவுக்கு ஃப்ளோரைடு இருக்கும் பிரச்சினைக்காகவே வந்த திட்டம் அது. போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது, அதனால் மெஷின் இல்லாதவர்களும் காபிக்கு அதை எடுக்காதீர்கள்.

டேங்க் அடியில் லேசான கசிவு இன்னும் இருக்கிறது. வாஷர் தேடிக்கொண்டிருக்கிறேன்.