லார்ட் கிச்சனர்: கேட்டவர்களும் வாசித்தவர்களும்

(புனைபெயரில் எழுதும் மூன்று ரசிகர்களின் உரையாடல்)

பழைய தட்டு:

டிரினிடாட் தீவின் கலிப்சோ (கார்னிவல் என்ற ஆண்டுத் தெருத் திருவிழாவோடு வளர்ந்த பாட்டு வகை), அதன் பாடகர் லார்ட் கிச்சனர் என்றதும் எல்லோரும் அந்த 1948 செய்திப்படத்தைத்தான் அனுப்புகிறார்கள். கரீபியன் மக்களை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் லண்டன் அருகே டில்பரி துறைமுகத்தில் நிற்கிறது, கிச்சனர் கையில் வாத்தியமே இல்லாமல் 'லண்டன் இஸ் த பிளேஸ் ஃபார் மீ' பாடுகிறார். அழகுதான். ஆனால் அப்போது அவருக்கு வயது 26. அதற்கப்புறம் 2000 பிப்ரவரியில் இறக்கும்வரை அரை நூற்றாண்டுப் பாட்டு பாக்கி இருக்கிறது.

லண்டன் காலத்தில் மெலடிஸ்க் நிறுவனம் வெளியிட்ட 78 தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டு) கையில் கிடைத்தால் இரண்டு விஷயம். பின்னாளில் வந்த எல்.பி. தட்டுக்கான ஊசியை வைக்காதீர்கள். 78-இன் பள்ளம் அகலமானது, அதற்கு 3 மில் ஊசி வேண்டும் (ஒரு மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எல்.பி. ஊசி அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து அழுக்கை வாசிக்கும். பிறகு "பதிவு மோசம்" என்று கிச்சனரைக் குறை சொல்வோம். இரண்டாவது, ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது. அது அரக்குத் தட்டு, கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி, நடு லேபிள் நனையாமல். அவ்வளவுதான்.

10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குத்தான் இடம். கார்னிவல் காலத்தில் கலிப்சோ பாடும் கொட்டகையில் கூட்டம் விடாமல் கேட்டால் சரணம் ஏறிக்கொண்டே போகும். தட்டில் இருப்பது அந்தப் பாட்டின் சுருக்கம்.

ரப்பர் குச்சி:

தட்டோடு நின்றால் பாதிதான் அண்ணா. கிச்சனர் 1960-களின் தொடக்கத்தில் ஊர் திரும்பிய பிறகு எழுதியதைப் பாருங்கள். கார்னிவலின் ரோடு மார்ச் பட்டத்துக்கு இசை நிபுணர் யாரும் மதிப்பெண் போடுவதில்லை. சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கள், செவ்வாய் ஊர்வலங்கள் குறிப்பிட்ட இடங்களைக் கடக்கும்போது எந்தப் பாட்டு அதிகத் தடவை ஒலித்தது என்ற எண்ணிக்கை மட்டும். 1963 முதல் 1976 வரை 14 கார்னிவலில் 10 தடவை அவர் பாட்டு. மீதியில் மூன்று (1966, 1969, 1972) சக பாடகர் மைட்டி ஸ்பாரோவுக்கு, 1974 இன்னொரு பாடகர் ஷாடோவுக்கு. மேடைப் போட்டியில் முதலிடமான கலிப்சோ மோனார்க் பட்டமோ அவருக்கு ஒரே தடவை, 1975-இல். தெருவில் ஆடுகிறவன் அவர் பக்கம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

காரணம் ஸ்டீல் பான் (இரும்புப் பீப்பாயில் சுருதி சேர்த்து, ரப்பர் முனைக் குச்சியால் வாசிக்கும் வாத்தியம்). மெட்டு போடும்போதே பான் குழு இதை எப்படி வாசிக்கும் என்று யோசிப்பவர். 1987-இன் 'பான் இன் எ மைனர்' வாசித்துப் பாருங்கள், கை சொல்லும். டெனர் பானில் (பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், குழுவிலேயே உச்ச சுருதி அதுதான்) சுரங்கள் வரிசையாக இருக்காது. ஐந்தாம் சுர வட்டம்: ச-வுக்கு ஒரு பக்கம் ப, மறுபக்கம் ம. ஆகவே ச-ப தாவுவது பக்கத்து வீட்டுக்குப் போவது மாதிரி. ச-விலிருந்து அரைச் சுரம் மேலே சுத்த ரிஷபம் தொட வேண்டுமானால் கிட்டத்தட்ட எதிர்க்கரைக்குக் கை போக வேண்டும். 'மைனர்' சுர வரிசையில் அரைச் சுரங்கள் தொடர்ந்து வரும் இடத்தில் புதியவர்கள் கை பின்னிக்கொள்வது இதனால்தான். பாதி வேகத்தில், எந்தச் சுரத்துக்கு எந்தக் கை என்று முடிவு செய்துகொண்டு, பிறகு வேகம் கூட்டுங்கள்.

இன்னொரு தவறு ஓங்கி அடிப்பது. அதனால் நல்ல ஒலி வராது, சுருதிதான் கலையும். குச்சி முனை ரப்பர் தேய்ந்தாலும் தகரச் சத்தம் வரும்.

நாலு நிமிடப் பாட்டை நூறு பேர் வாசிக்கும் பெரிய உருப்படியாக ஆக்குவது அரேஞ்சர் வேலை. ரெனிகேட்ஸ் என்ற பான் குழுவுக்கு அதைச் செய்த ஜித் சமாரூ இந்திய வம்சாவளி. பான் குழுக்களின் ஆண்டுப் போட்டியான பனோரமாவை 9 முறை வென்றவர். அப்படி வென்றவற்றில் 1984-இன் 'ஸ்வீட் பான்', 1997-இன் 'கிட்டார் பான்' இரண்டும் கிச்சனர் பாட்டுதான்.

கிட்டார்க்காரன்:

பாட நினைப்பவர்களுக்கு. பேச்சில் கிச்சனருக்குத் திக்குவாய், பாட்டில் ஒரு அசைகூடத் தடுக்காது. தாளம் அசையாமல் இருக்க, சொல் மட்டும் அதன் முன்னும் பின்னும் நழுவும். நாம் செய்யும் பிழை, ஒவ்வொரு அசையையும் தாள அடியின் மேலேயே வைப்பது. அப்போது பள்ளிப் பிரார்த்தனை போல ஆகிவிடும். முதலில் மெட்டை விட்டுவிட்டுக் கைதட்டிக்கொண்டு வரிகளைப் பேசிப் பழகுங்கள்.

எல்லாப் பாட்டுக்கும் கிட்டாரில் ஒரே ஸ்ட்ரம்மிங் (தந்திகளைச் சேர்த்து மீட்டும் விதம்) கூடாது. 1978-இன் 'ஷுகர் பம் பம்' சோகா (கலிப்சோவிலிருந்து பிறந்த ஆட்ட இசை) காலத்துப் பாட்டு, எட் வாட்சன் அரேஞ்ச் செய்தது. அதில் பேஸ் கிட்டார்தான் வண்டி இழுக்கிறது. பழைய கலிப்சோ ஸ்ட்ரம்மிங்கை நிரப்பி அடித்தால் பேஸுக்கு மூச்சு விட இடம் இருக்காது.

கிச்சனரின் 'ரெய்னொராமா'வை வெறும் மழைப் பாட்டாகப் பாடுகிறார்கள். 1972-இல் போலியோ பரவி கார்னிவல் மே மாதத்துக்குத் தள்ளிப்போனது, அங்கே அது மழை தொடங்கும் நேரம். அடுத்த ஆண்டு அதையே பாட்டாக்கி ரோடு மார்ச் வாங்கினார். டியகோ மார்ட்டினில் இருந்த தன் வீட்டுக்கும் அதே பெயர் வைத்தார்.

ரப்பர் குச்சி:

மழையைவிட வெயில் மோசம் தம்பி. பான் வாத்தியத்தை வெயிலில் வைத்தால் இரும்பு விரிந்து சுருதி இறங்கும். நிழலுக்கு மாற்றி, தொட்டால் சுடாத வரை ஆறவிட்டு, அப்புறம் சுருதி பாருங்கள்.